ஏதென்ஸ்: பழைய ஊர்வலம் போன வழியில் ஒரு முழுமையான வழிகாட்டி

ஏதென்ஸுக்குப் போகிறவர்களில் பலர், விடுதியில் பெட்டியை வைத்த கையோடு அக்ரோபோலிஸ் மலைக்கு ஏறிவிடுகிறார்கள். உச்சி வெயிலில், கூட்டத்தில் இடிபட்டு, பார்த்தினான் கோயிலின் பின்புறத்தைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். பின்புறம் என்பது மிகையில்லை. பெருவாயில் மேற்கில் இருக்கிறது, கோயிலின் வாசலோ கிழக்கில். மேலே போய்ச் சேர்ந்ததும் கண்ணில் படுவது கோயிலின் முதுகுதான்.

இந்த வழிகாட்டியில் வரிசை வேறு. பழங்கால ஏதென்ஸ் மக்கள் தங்கள் காவல் தெய்வமான ஏதீனாவுக்கு ஒவ்வொரு கோடையிலும் பானதெனையா என்ற விழா எடுத்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பெருவிழாவாக நடந்தது. நகரின் வடமேற்கு வாயிலில் ஊர்வலம் புறப்பட்டு, சந்தை வெளியைக் கடந்து, மலையேறி, அம்மனுக்குப் புது ஆடை சாத்தியதும் நிறைவடையும். பெருவிழாவின்போது அந்த ஆடையைச் சக்கரம் பூட்டிய கப்பலில் பாயாகக் கட்டி இழுத்து வருவார்கள். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான அந்தப் பாதை இன்றும் பெரும்பகுதி நடக்கக்கூடியதாக இருக்கிறது. அந்த வழியே நடந்து போனால் மலை உச்சியில் நிற்கும் கட்டடங்கள் எதற்காகக் கட்டப்பட்டவை என்பது தானாகவே விளங்கிவிடும். நான்கு நாள் ஒதுக்குங்கள். மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் கடைசிப் பகுதியை விட்டுவிடலாம்.

புறப்படுவதற்கு முன்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைவான இடைவெளியில் விண்ணப்பிக்கக் கூடாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. கோடை விடுமுறைக் காலத்தில் நேர்முகத் தேதி கிடைப்பதே பெரும்பாடு என்பதால் விமான டிக்கெட் விலையைப் பார்க்கும்போதே விசா தேதியையும் பார்த்துவிடுங்கள். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு இருந்தால் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா வேண்டாம்.

ஏப்ரல், மே, செப்டம்பர் இறுதி, அக்டோபர் ஆகியவைதான் நல்ல பருவம். ஜூலை, ஆகஸ்ட் வெயிலை நம் ஊர் வெயிலோடு ஒப்பிட்டு அலட்சியமாக இருக்க வேண்டாம். மலை உச்சியில் மர நிழல் கிடையாது, பாறையும் பளிங்கும் வெப்பத்தை முகத்தில் திருப்பி அடிக்கும். 2023 ஜூலையில் வெப்ப அலை வந்தபோது நண்பகல் நேரத்தில் அக்ரோபோலிஸை மூடியே வைத்தார்கள்.

டிக்கெட் விஷயத்தில் பழைய பயணக் கட்டுரைகளை நம்பாதீர்கள். பல தலங்களுக்கும் சேர்த்து விற்ற 30 யூரோ கூட்டு டிக்கெட் 2025 ஏப்ரலோடு நின்றுவிட்டது. இப்போது அக்ரோபோலிஸ் ஒன்றுக்கே 30 யூரோ. 2023 செப்டம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள். நுழையும் நேரத்தைத் தேர்ந்தெடுத்து, கிரேக்கக் கலாச்சார அமைச்சகத்தின் இணையதளத்திலேயே வாங்குங்கள். தேடுபொறியில் முதலில் வருபவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளங்கள். அவற்றில் அதே டிக்கெட்டுக்குக் கூடுதல் பணம் போகும்.

காலணி இந்தப் பயணத்தில் முக்கியமான பொருள். பல நூற்றாண்டுகளாகக் கால் பட்டுத் தேய்ந்த பளிங்கு, வெயில் காலத்திலேயே வழுக்கும். ஒரு தூறல் போட்டால் கேட்கவே வேண்டாம். அடியில் நல்ல பிடிமானம் உள்ள ஷூ போதும், புதிதாக வாங்கியதாக மட்டும் இருக்க வேண்டாம். குதிகால் உயர்ந்த செருப்புக்குத் தொல்லியல் தலங்களில் தடை உண்டு.

தங்குவதற்கு என் தேர்வு அக்ரோபோலிஸுக்குத் தெற்கே உள்ள கூகாக்கி. மலையடிவாரத்துப் பழைய பகுதியான பிளாக்காவைவிட அமைதி, எல்லா இடத்துக்கும் நடந்தே போகலாம். ஒமோனியா சதுக்கத்தைச் சுற்றி வாடகை மலிவுதான், ஆனால் இரவில் குடும்பத்தோடு திரும்பி வர அவ்வளவு வசதிப்படாது.

முதல் நாள்: ஏறாமல் பாருங்கள்

விமான நிலையத்திலிருந்து மூன்றாம் எண் மெட்ரோ, அதாவது நீலத் தடம், சுமார் நாற்பது நிமிடத்தில் நகர மையமான சின்டாக்மா சதுக்கத்தில் இறக்கிவிடும். நள்ளிரவில் வந்து இறங்கினால் எக்ஸ்95 பஸ் இருக்கிறது, இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது. கூட்டமான மெட்ரோவில் பணப்பையைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள். ஜேப்படிக்காரர்கள் பெட்டியோடு வரும் புதியவர்களைத்தான் குறிவைப்பார்கள்.

சின்டாக்மா நிலையத்தை விட்டு அவசரமாக வெளியேற வேண்டாம். மெட்ரோவுக்காகத் தோண்டியபோது கிடைத்தவற்றை நிலையத்துக்குள்ளேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் மண் அடுக்குகள், அவற்றில் குழாய்கள், ஒரு கல்லறை என்று நகரின் குறுக்குவெட்டையே பார்த்துவிடலாம், இலவசமாக.

மேலே நாடாளுமன்றத்துக்கு முன், பெயர் தெரியாத போர்வீரர் நினைவிடத்தில், எவ்ஸோன் காவலர்கள் மணிக்கொரு முறை மாறுகிறார்கள். குஞ்சம் வைத்த ஆணியடித்த காலணியோடு அவர்கள் காலைத் தூக்கி நிறுத்தி வைக்கும் நடை, ஒருமுறை பார்க்க வேண்டியது. ஞாயிறு காலை 11 மணிக்கு வாத்தியக் குழுவோடு முழு அணிவகுப்பு நடக்கும். நாள்களை அமைக்கும்போது ஒரு ஞாயிறு உள்ளே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நகரம் நவீன கிரேக்கத்தின் தலைநகரமானது 1834இல்தான். அதுவரை நாஃப்லியோ என்ற ஊர்தான் தலைநகரம். அரண்மனை கட்டவும் வீடுகள் எழுப்பவும் தீவுகளிலிருந்து கொத்தனார்கள் வந்தார்கள். அனாஃபி தீவிலிருந்து வந்தவர்கள் அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் தங்கள் ஊர் வீடுகளைப் போலவே வெள்ளையடித்த சின்ன வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். அதுதான் அனாஃபியோடிகா. பிளாக்காவின் கடைத்தெருக்களுக்கு மேலே போனால் வரும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். குடியிருக்கும் வீடுகள் என்பதால் குரலைத் தாழ்த்திக்கொள்வது நல்லது.

மாலையில் ஃபிலோப்பாப்பு குன்றுக்குப் போங்கள். அனுமதி இலவசம். அக்ரோபோலிஸ் கிட்டத்தட்ட கண் மட்டத்தில் எதிரே நிற்கும், திரும்பினால் உங்களுக்குப் பின்னால் கடல் தெரியும். 277 மீட்டர் உயரமுள்ள லிக்காபெட்டஸ் குன்றைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அங்கிருந்து பார்த்தால் நகரம் பெரிதாகவும் கோயில் சிறிதாகவும் தெரியும். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஃபிலோப்பாப்புவே போதும்.

இரண்டாம் நாள்: ஊர்வலப் பாதை

காலையை ஓய்வாகக் கழித்துவிட்டு, பிற்பகல் இரண்டரை மணிக்குத் தொடங்குங்கள். அக்ரோபோலிஸ் டிக்கெட்டை, மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் நுழையும்படி வாங்கியிருக்க வேண்டும். கோடையில் இரவு எட்டு மணிக்கு மூடுகிறார்கள். செப்டம்பரிலிருந்து இது படிப்படியாகக் குறைந்து குளிர்காலத்தில் ஐந்து மணிக்கு வந்துவிடும், அப்போது எல்லாவற்றையும் மூன்று மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் மட்டும் இந்தத் திட்டம் வேண்டாம். அப்போது காலை எட்டு மணிக்கே மலையேறிவிட்டு, கீழ்ப்பகுதியை வேறொரு காலையில் பாருங்கள்.

*கெராமெய்கோஸ்.* முதல் எண் மெட்ரோவில் திசியோ நிலையத்தில் இறங்கி எர்மூ தெருவில் சிறிது தூரம் நடந்தால் வாயில் வரும். கெராமெய்கோஸ் என்ற பெயரிலேயே ஒரு நிலையம் நீலத் தடத்தில் இருந்தாலும் திசியோதான் பக்கம். குயவர்கள் வாழ்ந்த பகுதி இது, மதிலுக்கு வெளியே நகரின் இடுகாடும் இதுவே. சுற்றுலாக் கூட்டம் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. புல்லில் ஆமைகள் நகரும், எரிடானோஸ் என்ற ஓடை இன்னும் ஓடுகிறது.

இங்கே இரண்டு வாயில்களின் அடித்தளம் இருக்கிறது. ஒன்று எலூசிஸ் ஊருக்குப் போகும் புனித வழியின் வாயில், மற்றொன்று பெரிய டிப்பிலோன் வாயில். இரண்டுக்கும் நடுவில் இருந்த மண்டபத்தில்தான் விழாவுக்கான ஏற்பாடுகள் நடந்தன, ஊர்வலம் இங்கிருந்துதான் புறப்பட்டது. மதிலையும் கவனியுங்கள். பாரசீகர்கள் நகரை எரித்துவிட்டுப் போன பின், கி.மு. 478இல், ஏதென்ஸின் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் அவசர அவசரமாக எழுப்பியது. கல் போதாமல் கல்லறைக் கற்களையும் பிடுங்கி வைத்துக் கட்டினார்கள்.

கல்லறைத் தெருவில் குதிரைமேல் பாயும் இளைஞனின் சிற்பம் ஒன்று உண்டு. வெளியே இருப்பது பிரதி, மூலம் உள்ளே உள்ள சிறு அருங்காட்சியகத்தில். டெக்ஸிலியோஸ் என்ற அந்த வீரன் கி.மு. 394இல் கொரிந்துப் போரில் இறந்தவன், வயது இருபது. எந்த ஆட்சியாளர் காலத்தில் பிறந்தான், யார் காலத்தில் இறந்தான் என்று இரண்டையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பிறந்த ஆண்டைக் குறிக்கும் வழக்கம் அந்தக் காலத்துக் கல்லறைகளில் கிடையாது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டார் ஏன் இதை மட்டும் வலிந்து சொன்னார்கள் என்பதற்கு அறிஞர்கள் அரசியல் காரணமும் சொல்வார்கள். எனக்கு அந்த இருபது வயதே போதுமான காரணமாகப் படுகிறது.

*அகோரா.* எர்மூ வழியாகவும் அட்ரியானோ தெரு வழியாகவும் வந்தால் பழைய சந்தை வெளி. உள்ளே மூலைவிட்டமாக ஏறிப்போகும் சரளைப் பாதைதான் ஊர்வலம் போன பானதெனைய வழி. மேட்டில் நிற்கும் ஹெஃபைஸ்டஸ் கோயில் கி.மு. 449 வாக்கில் தொடங்கப்பட்டது. கிரேக்கக் கோயில் முழு உருவத்தில் எப்படி இருக்கும் என்பதை இங்கேதான் பார்க்க முடியும். பிற்காலத்தில் தேவாலயமாக இருந்ததால் தப்பித்தது.

நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் எதிரே உள்ள அட்டலோஸ் மண்டபம். பெர்கமோன் அரசன் இரண்டாம் அட்டலோஸ் கட்டிக்கொடுத்த அங்காடி, 1950களில் அமெரிக்கத் தொல்லியல் பள்ளி பழைய அடித்தளத்தின்மேல் மீண்டும் எழுப்பியது. உள்ளே இருக்கும் அருங்காட்சியகம் சிறியது. ஆனால் மக்களாட்சி என்ற ஏற்பாடு கையால் தொடக்கூடிய கருவிகளோடு நடந்தது என்பதை இந்த ஒரே கூடத்தில் காணலாம். நீதிமன்ற நடுவர்களைக் குலுக்கித் தேர்ந்தெடுக்கும் கல், வரிசை வரிசையாகத் துளைகளோடு நிற்கிறது. பெயர்த்தகடுகளைத் துளைகளில் செருகி, பக்கத்துக் குழாயில் கறுப்பு, வெள்ளை உருண்டைகளைப் போட்டு எந்த வரிசை பணிக்கு வரும் என்று முடிவு செய்வார்கள். பக்கத்தில் நீர்க்கடிகாரம்: மேல் பானையிலிருந்து தண்ணீர் வடிந்து தீர ஆறு நிமிடம், அதற்குள் பேச்சை முடிக்க வேண்டும்.

அடுத்து ஓட்டாஞ்சில்லுகள். ஆபத்தானவன் என்று கருதும் தலைவரைப் பத்து ஆண்டு நாடுகடத்த மக்கள் வாக்களிக்கலாம், ஆறாயிரம் வாக்கு வேண்டும். உடைந்த பானைத் துண்டில் பெயரைக் கீறிப் போட்டார்கள். தெமிஸ்டோக்ளிஸ் பெயர் கீறிய துண்டுகளைக் கண்ணாடிக்கு அருகில் போய்ப் பாருங்கள். இப்படி 190 துண்டுகள் ஒரே கிணற்றில் கிடைத்தன. எழுத்தை ஆராய்ந்தபோது அத்தனையும் ஒரு சிலரின் கையெழுத்து என்று தெரிந்தது. வாக்காளர்களுக்குக் கொடுப்பதற்காக முன்கூட்டியே எழுதிக் குவித்திருக்கிறார்கள். வாக்குச்சாவடித் தந்திரங்களுக்கு எவ்வளவு வயது என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

*மலை.* அகோராவின் மேல்பக்க வாயில் திறந்திருக்கிறதா என்று காவலரிடம் கேளுங்கள். மூடியிருந்தால் வெளியே வந்து பிளாக்கா பக்கமாக ஏறலாம். வழியில் அரியோபகஸ் என்ற மொட்டைப் பாறை. புனித பவுல் ஏதென்ஸ் மக்களிடம் பேசிய இடம் என்று விவிலியம் சொல்வது இதைத்தான். பழைய கற்படிகள் வழுவழுவென்று இருக்கும், பக்கத்திலுள்ள இரும்புப் படிகளில் ஏறுங்கள்.

இனி அக்ரோபோலிஸ். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள். தண்ணீர் நிரப்பிய குப்பியை எடுத்துக்கொள்ளுங்கள், ஏதென்ஸ் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. நடக்க இயலாதவர்களுக்கு வடக்குப் பக்கம் மின்தூக்கி இருக்கிறது.

பெருவாயிலான புரொபிலையா வழியாக நுழைந்ததும் பார்த்தினான் குறுக்கே நிற்கும். அங்கேயே நின்று படம் எடுக்கும் கூட்டத்தைவிட்டு, ஊர்வலம் போனதைப் போலவே வடக்குப் பக்கமாகக் கிழக்கு நோக்கி நடங்கள். இந்தக் கோயிலை, ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் காலத்தில், கி.மு. 447இல் தொடங்கி 432இல் முடித்தார்கள். கட்டடக் கலைஞர்கள் இக்டினோஸும் கல்லிக்ராட்டிஸும், சிற்ப வேலைக்குப் பொறுப்பு ஃபைடியாஸ். பளிங்கு பென்டெலி மலையிலிருந்து வந்தது. அகலத்தில் எட்டுத் தூண்கள், நீளத்தில் பதினேழு.

கிழக்கு மூலைக்கு வந்ததும், கயிறு கட்டிய இடத்தில் குனிந்து, மேல் படியின் விளிம்போடு கண்ணை ஓடவிடுங்கள். படி நேராக இல்லை. நீளப் பக்கத்தில் நடுப்பகுதி ஓரங்களைவிடச் சுமார் 11 சென்டிமீட்டர் மேலெழும்பி இருக்கிறது. தூண்களும் லேசாக உள்நோக்கிச் சாய்கின்றன, நடுவில் சற்றே பருக்கின்றன, மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடத் தடிமன். ஒவ்வொரு கல்லையும் தனித்தனி அளவில் செதுக்கினால்தான் இது சாத்தியம். பழுதுபார்ப்பவர்கள் 1975 முதல் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: ஒரு கல் அதன் இடத்தில்தான் பொருந்தும். முந்தைய தலைமுறை வைத்த இரும்புப் பிணைப்புகள் துருவேறிக் கல்லையே பிளந்ததால் இப்போது டைட்டேனியம் போடுகிறார்கள். புதுக் கல் வெளுப்பாகத் தெரியும், அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

வெள்ளைக் கோயில் என்று மனத்தில் பதிந்த படத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். நம் கோபுரங்களைப் போலவே இதன் சிற்பங்களுக்கும் நீலமும் சிவப்பும் தீட்டியிருந்தார்கள். தேவாலயமாகவும் பின்னர் மசூதியாகவும் இருந்தவரை கட்டடம் பெரிதாகச் சிதையவில்லை. 1687 செப்டம்பர் 26 அன்று, துருக்கியர் உள்ளே சேமித்திருந்த வெடிமருந்தின்மேல் வெனிஸ் படையின் குண்டு விழுந்தது. நடுப்பகுதி அன்றைக்குப் போனதுதான்.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று: ஊர்வலம் கொண்டுவந்த ஆடை பார்த்தினானில் இருந்த பொன்னும் தந்தமும் சேர்ந்த ஃபைடியாஸின் பெரிய சிலைக்கு அல்ல. வடக்கே எரெக்தியோனில் வைத்திருந்த பழைய மரச்சிலைக்கு. பெண்கள் அறுவர் கூரையைத் தலையில் தாங்கும் மண்டபம் உள்ள கோயில் அதுதான். இப்போது வெளியில் நிற்பவை பிரதிகள். மூடும் நேரம் நெருங்கும்போது காவலர்கள் விசில் ஊதத் தொடங்குவார்கள், அதற்கு முன்பே அங்கே போய்விடுங்கள்.

மூன்றாம் நாள்: அதே ஊர்வலம், கல்லில்

அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்துக்கு மலையேறுவதற்கு முன் போகலாமா, பின் போகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பின்புதான். நடந்த பாதை காலில் இருக்கும்போது பார்த்தால் சிற்பங்கள் பேசும்.

2009இல் திறந்த கட்டடம், வடிவமைத்தவர் பெர்னார்டு சூமி. கண்ணாடித் தரைக்குக் கீழே பழைய குடியிருப்பு தெரியும். முதல் தளத்தில் எரெக்தியோன் பெண் சிலைகளில் ஐந்து இருக்கின்றன, ஆறாவது லண்டனில். அவற்றின் பின்பக்கம் போங்கள். முதுகில் விழும் தடித்த பின்னலைப் பாருங்கள். அழகுக்காக மட்டும் அல்ல, மெல்லிய கழுத்து கூரைப் பாரத்தில் முறியாமல் காப்பதும் அந்தக் கூந்தல்தான்.

மேல்தளம் மற்றத் தளங்களிலிருந்து சற்றுத் திரும்பி, மலைமேல் உள்ள பார்த்தினானுக்கு இணையாக நிற்கிறது. கோயிலின் 160 மீட்டர் சிற்பப் பட்டையை அதே அளவில், கண் மட்டத்தில் சுற்றி வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் தூதராக இருந்த எல்ஜின் பிரபு 1801க்குப் பின் பெயர்த்துக்கொண்டு போனதில் ஏறக்குறையப் பாதிப் பட்டை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த இடங்களில் வெள்ளைச் சுதை வார்ப்பு. ஊர்வலம் தென்மேற்கு மூலையில் தொடங்கி இரண்டாகப் பிரிந்து கிழக்கில் சேரும், நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். குதிரைகள், தேர்கள், தண்ணீர்க் குடம் சுமப்பவர்கள், பலிக்குப் போகும் மாடுகள் என்று போய், கிழக்கில் தெய்வங்கள் அமர்ந்திருக்க, ஒரு குழந்தையும் பெரியவரும் ஆடையை மடிக்கும் காட்சியில் முடியும். அந்த உச்சக்கட்டப் பலகை இங்கே சுதை, மூலம் லண்டனில். அதற்கு அடுத்தே பொசைடன், அப்போலோ, ஆர்ட்டெமிஸ் அமர்ந்த பலகை தேன் நிறப் பளிங்கில், மூலமாகவே இருக்கிறது. ஒரே சிற்பத்தின் இரு துண்டுகளுக்கு இடையிலான அந்த நிற வேறுபாட்டைப் பார்த்த பிறகு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைகளில் இரவு பத்து மணிவரை திறந்திருக்கும்.

மீதி நாளில் ஹட்ரியன் வளைவு, ஒலிம்பிய ஸியூஸ் கோயில், 1896 ஒலிம்பிக் நடந்த பளிங்கு அரங்கம் ஆகியவற்றைச் சுற்றி வரலாம். ஸியூஸ் கோயிலில் 104 தூண்களில் பதினைந்து நிற்கின்றன, 1852 புயலில் சாய்ந்த ஒன்று வட்டு வட்டாகக் கிடக்கிறது. வேலிக்கு வெளியிலிருந்தே நன்றாகத் தெரியும் என்பதால் டிக்கெட் வாங்கச் சொல்லமாட்டேன்.

சாப்பாடு

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தக்காளி, குடைமிளகாய்க்குள் அரிசி நிரப்பிச் சுட்ட கெமிஸ்டா, பெரிய வெள்ளை மொச்சையில் செய்யும் யிகாண்டெஸ், மசித்த மஞ்சள் பருப்பில் ஆலிவ் எண்ணெய் ஊற்றும் ஃபாவா, கீரை வைத்த ஸ்பனகோபிட்டா எல்லாம் சாதாரண உணவகங்களிலேயே கிடைக்கும். நோன்புகால உணவுக்கு ‘நிஸ்டிசிமோ’ என்பார்கள். இறைச்சி, முட்டை, பால் இருக்காது. ஆனால் கணவாயும் இறாலும் நோன்பில் அனுமதி என்பதால் அதைத் தனியே கேட்டுக்கொள்ளுங்கள். கெமிஸ்டாவிலும் சில இடங்களில் கொத்துக்கறி சேரும். காலையில் தெருவில் விற்கும் எள் தூவிய வளைய ரொட்டி மலிவு, வயிறும் நிறையும். இரவு உணவு அவர்களுக்கு ஒன்பது மணிக்குமேல்தான். ஏழு மணிக்குப் போனால் காலி மேசைகளோடு சாப்பிடலாம். கழிப்பறையில் காகிதத்தைப் பீங்கானுக்குள் போடாதீர்கள், பக்கத்தில் கூடை இருக்கும். குழாய்கள் குறுகலானவை.

நான்காம் நாள்: அருங்காட்சியகமும் கடல்முனையும்

தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் பெரிது. எல்லாம் பார்க்க முயன்றால் ஒன்றும் நினைவில் நிற்காது. 1876இல் ஜெர்மானியத் தொல்லியலாளர் ஷ்லீமன் பண்டை நகரமான மைசீனியில் தோண்டியெடுத்த தங்க முகமூடி, ஆர்ட்டெமிசியோன் கடலில் கிடைத்த ஆளுயரம் தாண்டிய வெண்கலச் சிலை, சான்டோரினி தீவின் சுவரோவியங்கள், இவற்றோடு அன்டிகிதெரா பொறி. கப்பல் சிதைவிலிருந்து 1901இல் வந்த அந்தப் பொறி பச்சைக் களிம்பு ஏறிய சில துண்டுகளாகத்தான் தெரியும். அவற்றுக்குள் குறைந்தது முப்பது பற்சக்கரங்கள் இருக்கின்றன, கிரகண காலங்களைக் கணக்கிட்ட கருவி. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அருங்காட்சியகத்தைப் பிற்பகலில்தான் திறப்பார்கள், அன்று இந்தத் திட்டம் ஒத்துவராது.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் மவ்ரோமடியோன் தெருவில் சூனியோ கடல்முனைக்குப் போகும் பஸ் புறப்படுகிறது. சுமார் 70 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள், கடற்கரைச் சாலை முழுவதும் கடல் அந்தப் பக்கம்தான். முனையின் உச்சியில் கடல் தெய்வமான பொசைடனின் கோயில். தூண்களில் பள்ளங்களை எண்ணுங்கள்: பார்த்தினானில் இருபது, இங்கே பதினாறு. கவிஞர் பைரனின் பெயர் ஒரு தூணில் கீறிக் கிடக்கிறது, நீங்கள் அதைப் பின்பற்றினால் காவல்நிலையம் போக வேண்டியிருக்கும். காற்று பலமாக அடிக்கும் என்பதால் மே மாதத்தில்கூட மேல்சட்டை ஒன்று எடுத்துப் போங்கள். சூரியன் மறைந்த பின் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவையுங்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் டாக்ஸிக்காரர் கேட்பதுதான் கட்டணம்.